பாட்டில் அலமாரிச் சாவி

பிப்ரவரி 4

வாலுவின் அப்பாவுக்கு,

போய்ச் சேர்ந்ததாக நீங்கள் போட்ட இரண்டு வரி கிடைத்தது. மரச்சாமான் பட்டறைக்கு மேலேயே அறை கொடுத்துவிட்டார்கள், ஜன்னல் திறக்க வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றுதான், அது அந்த இரண்டு வரியில் இல்லை.

"போனில் பேசலாமே" என்று ஓரத்தில் ஒரு கோரிக்கை வேறு. முடியாது. போனில் உங்கள் குரல் தேனாக இருக்கும். அந்தத் தேனை நம்பி நான் ஏமாந்தது போதும். போனில் வாசனை வராது, காகிதத்தில் வரும். சோப்புத் தொழிற்சாலையில் என் வேலையே அதுதான் என்பதை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு பேட்ச் சோப்பையும் முகர்ந்து பார்த்து, இது கடைக்குப் போகலாம், இது போகக்கூடாது என்று சொல்கிறவள் நான். உங்கள் கடிதங்களையும் அப்படித்தான் பார்க்கப் போகிறேன். முன்னாலேயே சொல்லிவிட்டேன், பிறகு குறை சொல்லாதீர்கள்.

குடியை விட்டவர்கள் கூடும் இடம் என்று மருத்துவமனை நர்ஸ் ஒரு விலாசம் கொடுத்தாரே, அது அந்த ஊரில் இருக்கிறது என்றுதானே இந்த வேலைக்கே ஒப்புக்கொண்டீர்கள்? அதைக் கண்டுபிடித்துப் போங்கள். போய்விட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. எங்கள் கம்பெனி தூரத்தில் புதுத் தொழிற்சாலை திறக்கிறது. என்னை அங்கே வரச் சொல்கிறார்கள். மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் நானும் வாலுவும்தான் போவோம். உங்களுக்கு அந்த வீட்டில் இடம் இருக்காது. இது மிரட்டல் இல்லை. மிரட்டலாகவே இருந்தாலும் அதில் தப்பில்லை.

வாலு நன்றாக இருக்கிறாள். முன்பல் ஆடுகிறது. யாரையும் தொட விடமாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


பிப்ரவரி 15

மூக்கம்மாவுக்கு,

கோபம் வேண்டாம், தொழிற்சாலையில் எல்லாரும் உன்னை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்? புருஷன் கூப்பிட்டால் மட்டும் குற்றமா?

கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கிறது. பொது நூலகத்தின் மாடியில். நீளமான மேஜை, சுற்றிலும் நாற்காலிகள். யாரும் பேர் சொல்வதில்லை. ஒருத்தர் டெய்லர், ஒருத்தர் கணக்கு வாத்தியார், ஒரு அம்மா பஸ்ஸில் கண்டக்டர். என்னை "பாலிஷ்காரர்" என்கிறார்கள். ஒவ்வொருத்தராகப் பேசுகிறார்கள், மற்றவர்கள் வாயைத் திறக்காமல் கேட்கிறார்கள். நடுவில் யாரும் புத்தி சொல்வதில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. இந்தக் கடிதத்தையும் அங்கேயே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நான் இன்னும் பேசவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. கல்யாணமான புதிதில் நான் வேலையிலிருந்து வந்தால், "இன்னிக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்பாய். அப்புறம் எப்போதோ அது நின்று போனது. வாசலிலேயே நிறுத்தி, "ஊதுங்க" என்பாய். குடித்த நாளிலும் ஊதினேன், குடிக்காத நாளிலும் ஊதினேன். டிராஃபிக் போலீஸுக்குக் கழுத்தை நீட்டிய மாதிரியே ஆகிவிட்டது என் குடும்ப வாழ்க்கை. நீ ஒரு நாளாவது என்னிடம் கேட்டாயா? முகர்ந்துதான் பார்த்தாய். பொல்லாப்பாகச் சொல்லவில்லை, மனதில் இருந்ததைச் சொன்னேன்.

வாலுவின் பல்லை நான் வரும்வரை பத்திரமாக ஆட்டிக்கொண்டிருக்கச் சொல்.

உன்,
பாலிஷ்காரன்


பிப்ரவரி 19

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வீட்டில் பிரிக்கவில்லை. வேலைக்கு எடுத்துப் போய், மற்ற வாசனை எதுவும் வராத அறையில் உட்கார்ந்து, கத்தரியால் ஓரத்தை வெட்டிப் பிரித்தேன். படிப்பதற்கு முன்னால் முகர்ந்தேன்.

மேலாக வந்தது பாலிஷ் போடுகிற ஸ்பிரிட்டும் அரக்கும். அது உங்கள் விரல் வாசனை, அதில் எனக்குப் புகார் இல்லை. அதற்குக் கீழே பீர். அன்றைக்குச் சிந்திய பீர் அல்ல, மரத்தில் ஊறிக் காய்ந்த பழைய பீர். அதோடு ரம், சிகரெட். எல்லாவற்றுக்கும் அடியில், எனக்குப் பிடிபடாத ஒன்று. பழைய பித்தளையை வியர்வைக் கையால் வெகுநேரம் பிடித்திருந்தால் வரும் வாசனை மாதிரி.

நூலகத்தில் பீர் ஊற்றித்தான் புத்தகம் கொடுக்கிறார்களா?

ஸ்பிரிட் என்று சொல்லிவிடாதீர்கள். அது வேறு, இது வேறு என்று எனக்குத் தெரியாதா? நான் கேட்கவில்லை, முகர்ந்துதான் பார்க்கிறேன் என்று குத்திக் காட்டியிருந்தீர்கள். கேட்ட காலத்தில் எனக்கு என்ன பதில் கிடைத்தது? நண்பன் வீட்டுக் காதுகுத்து, முதலாளி வற்புறுத்தினார், இருமல் மருந்து. பதில் எல்லாம் பொய்யாகப் போனபிறகுதான் மூக்கை நம்ப ஆரம்பித்தேன். அது ஒருநாளும் என்னை ஏமாற்றியதில்லை.

வாலு உங்கள் கடிதத்தைப் படிக்கக் கேட்டாள். கொடுக்கவில்லை.

வாலுவின் அம்மா


பிப்ரவரி 26

மூக்கம்மாவுக்கு,

சத்தியமாக நான் குடிக்கவில்லை. உன் மூக்கு பொய் சொன்னது என்றும் சொல்லவில்லை. பட்டறைக்கு ஒரு பாரிலிருந்து பழைய மேஜைகள் வந்திருக்கின்றன. இழைத்து, மறுபடி பாலிஷ் போட வேண்டும். அந்த மேஜை மேல் காகிதத்தை வைத்திருப்பேன், ஒட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

கூட்டத்துக்குத் தவறாமல் போகிறேன். நூலகர் தங்கமான மனுஷர். வழுக்கைத் தலை, மூக்கின் நுனியில் கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மாடிப்படி ஏறும்போது, "வாங்க பாலிஷ்காரரே, உங்க ஆளுங்க எல்லாம் மேல இருக்காங்க" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். படியோரம் ஒரு பூந்தொட்டி. ஜன்னல் வழியே வேப்பமரம் தெரியும். இப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்தால் யாருக்குக் குடிக்கத் தோன்றும்?

கம்பெனிக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதே.

உன்,
பாலிஷ்காரன்


மார்ச் 6

வாலுவின் அப்பாவுக்கு,

எங்கள் தொழிற்சாலை வேன் டிரைவரை உங்களுக்குத் தெரியும். அவர் போன வாரம் உங்கள் ஊருக்குச் சரக்கு கொண்டு வந்தார். திங்கட்கிழமை காலையில்தான் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நூலகத்துப் பக்கம் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. கேட்டில் பெரிய பூட்டு தொங்குகிறது. காவலாளியைக் கேட்டிருக்கிறார். "கூட்டமா? மாடியில உடைஞ்ச நாற்காலிதான் கூட்டமா கெடக்கு" என்றாராம். உங்கள் வழுக்கைத் தலை நூலகர் ஒரு பெண். தலை நிறைய முடி. வேப்பமரம் இருக்கிறதா என்று கேட்க டிரைவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

பூந்தொட்டி என்று எழுதியபோதே எனக்குப் பொறி தட்டியது. பூந்தொட்டியைப் பார்க்கிற ஆளா நீங்கள்? வீட்டில் நான் வைத்த செடி பட்டுப்போய் ஒரு மாதம் கழித்துத்தான் உங்கள் கண்ணில் பட்டது.

வயிறு எரிகிறது. குடித்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. மேஜை, டெய்லர், வாத்தியார், கண்டக்டர் அம்மா என்று ஆள் சேர்த்து ஒரு கூட்டத்தையே கட்டிவிட்டீர்களே. அந்தக் கண்டக்டர் அம்மாவை நினைத்து நான் பரிதாபப்பட்டேன். இல்லாத ஒருத்திக்காக!

மாதக் கடைசிவரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வாலுவுக்குப் பல் விழுந்துவிட்டது.


மார்ச் 12

வாலுவின் அம்மாவுக்கு,

இந்தத் தடவை தமாஷ் இல்லை.

நூலகம் பொய். பார் மேஜை பட்டறைக்கு வந்தது பொய். கூட்டம் பொய் இல்லை. டெய்லரும் வாத்தியாரும் கண்டக்டர் அம்மாவும் இருக்கிறார்கள். அவர்கள் கூடுவது ஒரு பாருக்குள்.

சிரிக்காதே. நர்ஸ் கொடுத்த விலாசத்தைத் தேடிப் போனேன். அந்த எண்ணில் இருந்தது ஒரு பார். வாசலில் பீர் பாட்டில் படம். நர்ஸுக்கு என்மேல் என்ன கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்துக் கடையில் கேட்க வெட்கம். குடியை விடுகிற கூட்டம் இந்தப் பாரிலா நடக்குது என்று வாய்விட்டுக் கேட்டால் கேட்கிறவன் என்ன நினைப்பான்? ஏதோ பொறி வைக்கிறார்கள் என்று திரும்பிவிட்டேன். அடுத்த ஞாயிறும் போனேன், எதிர்ச் சந்தில் நின்றுகொண்டேன். பக்கவாசல் வழியாக ஒரு அம்மா பெரிய டீ பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போனார். பாருக்கு யார் டீ கொண்டு போவார்கள்? பின்னாலேயே போனேன்.

பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டார்களாம், இல்லை என்றார்களாம். கல்யாண மண்டபத்தில் இல்லை. குடியிருப்புச் சங்கத்தில், "குடிகாரங்க வந்து போனா எங்க பேர் கெட்டுடும்" என்றார்களாம். கடைசியில் டெய்லர் தான் வழக்கமாகக் குடித்த பாருக்கே போய்க் கேட்டிருக்கிறார். பார்க்காரர், "உங்களை உள்ள விடமாட்டேன்னு நான் என்னைக்குச் சொன்னேன்? ஞாயித்துக்கிழமை காலையில கடை மூடித்தானே கெடக்கு, வந்து உக்காருங்க" என்றாராம். 

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாட்டில் அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பார்க்காரர் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு அந்த ஒரு சாவிதான். பெரிய பித்தளைச் சாவி. கூட்டம் முடிகிறவரை அது புதிதாக வந்தவர் கையில் இருக்கும். பழைய ஆட்கள் தொடமாட்டார்கள். முதல் நாள் வந்தவனை நம்பி அலமாரியையே கொடுத்துவிடுகிறார்கள். எனக்குப் பிறகு யாரும் வராததால் வாராவாரம் சாவி என்னிடம்தான். கை வேர்த்துக் கொட்டும். உனக்குப் பிடிபடாத அந்த வாசனை அதுவாகத்தான் இருக்கும்.

பாரில் உட்கார்ந்து குடியை விடுகிறேன் என்று எழுதினால் நீ நம்பியிருப்பாயா? நூலகம் என்றால் நம்புவாய் என்று நினைத்தேன். நம்புகிற மாதிரியான பொய்யைச் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டேன்.

வாலுவின் பல்லை வைத்திருக்கிறாயா?


மார்ச் 17

வாலுவின் அப்பாவுக்கு,

கசாப்புக் கடையில் சைவர்கள் சங்கம் என்று சொல்லியிருந்தாலும் இதைவிடச் சுலபமாக நம்பியிருப்பேன்.

வழக்கம்போல் முகர்ந்து பார்த்தேன். இந்தக் கடிதம் சுத்தம். ஸ்பிரிட், அரக்கு, வேறு எதுவும் இல்லை. நூலகத்தில் இருந்து எழுதினேன் என்றபோது பார் வாசனை வந்தது. பாருக்குப் போகிறேன் என்று எழுதும்போது ஒன்றுமே வரவில்லை. பட்டறையில் உட்கார்ந்து எழுதினேன் என்பீர்கள். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பீர்கள். சாவி கதையும் அப்படித்தான். நான் பித்தளை என்று எழுதிய பிறகுதானே உங்களுக்குப் பித்தளைச் சாவி கிடைத்தது? வாசனையை நான் கொடுத்தேன், கதையை நீங்கள் கட்டினீர்கள். அப்படி இல்லை என்று எப்படி நம்புவது?

ஆனால் ஒன்று உறுத்துகிறது. உங்கள் பொய்கள் எல்லாம் பார்க்க லட்சணமாக இருக்கும். பூந்தொட்டி இருக்கும், வேப்பமரம் இருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. பார்க்கவே சகிக்காத கதையாக இருக்கிறது. அதனால்தான் கம்பெனிக்கு எழுதிய பதிலை இன்னும் பையிலேயே வைத்திருக்கிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். படிக்கிற நிலையில் நான் இல்லை.


மார்ச் 23

வாலுவின் அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் முடியாது.

நேற்றுக் காலை நீ பக்கவாசல் வழியாக உள்ளே வந்தாய். நீ என்னைப் பார்க்காத மாதிரி கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாய். கண்டக்டர் அம்மா யார் என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல், என் கையிலிருந்த சாவியை வாங்கி உன் கையில் வைத்தார். புதிதாக வந்தவர் நீதானே. சொல்லியிருக்கலாம், இவள் என் மனைவி, என்னை வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது என்னிடம் வந்தாய். "குடிச்சீங்களா?" என்று கேட்டாய். எத்தனை வருடம் கழித்து ஒரு கேள்வி! இல்லை என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அந்த அறையில் உன் மூக்கால் ஒன்றும் செய்திருக்க முடியாது, தப்பித்திருப்பேன். நான்தான், "குடிச்சேன். நூலகம் பூட்டிக் கெடக்குன்னு நீ எழுதினது வந்த அன்னிக்கு, சாயங்காலம். அதுக்கப்புறம் இல்ல" என்று சொன்னேன். உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். திரும்பிப் போய்விட்டாய். பஸ் நிலையம்வரை ஓடி வந்தேன், பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்த நாள் உட்கார்ந்து பார் விஷயத்தை எழுதினேனே, அந்தக் கடிதத்திலாவது இதைச் சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன்.

உன் முடிவு என்னவோ அதைச் செய். தடுக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. வாலுவைப் பார்க்க மட்டும் ஒரு வழி வைத்துவிடு.

இன்னொரு விஷயம். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அலமாரிச் சாவியை நீ கையோடு கொண்டு போய்விட்டாய். நேற்று மாலை கடை திறந்ததும் பாட்டிலை எடுக்க வழியில்லை. வந்தவர்களை எல்லாம் பார்க்காரர் திருப்பி அனுப்பினார். இன்றைக்குப் பூட்டை உடைத்து வேறு பூட்டு போட்டாயிற்று. என்னைத் திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். "ஒரு சாயங்காலம் முழுக்க ஒரு சொட்டு விக்காம என் கடையைச் சாத்த வெச்ச பொம்பளை உங்க சம்சாரம்தானா?" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஆனால் கூட்டத்துக்காரர்களுக்குப் பழைய சாவிதான் வேண்டுமாம். முடிந்தால் தபாலில் போட்டுவிடு.


மார்ச் 26

வாலுவின் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் கிளம்பிப் போனேன். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

நர்ஸிடம் அந்த விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தேன். உள்ளே நுழைந்ததுமே என் மூக்கு போய்விட்டது. தரை, மேஜை, சுவர், எல்லாவற்றிலும் அந்த வாடை. வேலையில் மூக்கு களைத்துப்போனால் என் புடவைத் தலைப்பையே ஒருமுறை முகர்ந்துகொள்வேன், தெளிந்துவிடும். அங்கே தலைப்பிலும் அதுவே வந்தது. நீங்கள் பக்கத்தில் வந்து நின்றபோது குடித்திருக்கிறீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. வேறு வழியில்லாமல்தான் கேட்டேன்.

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அப்படியே நேராகப் போய்க் கம்பெனிக் கடிதத்தைத் தபாலில் போட்டிருப்பேன். குடித்தேன் என்றீர்கள். நான் சுத்தம் என்று சொன்ன கடிதத்துக்கு முந்தின நாள் குடித்திருக்கிறீர்கள். நாற்றம் என்று நான் திட்டிய கடிதம் எழுதியபோது குடிக்கவே இல்லை. இரண்டு தடவையும் என் மூக்கு தப்பு. கேட்டபோது மட்டும்தான் உண்மை வந்தது. அதைத் தாங்கிக்கொண்டு அங்கே நிற்க என்னால் முடியவில்லை. அழுகை வந்தது, உங்கள் ஆட்கள் முன்னால் அழ இஷ்டமில்லை. அதனால் ஓடிவிட்டேன்.

பஸ்ஸில் பாதி வழி வந்தபிறகுதான் விரல் வலித்தது. இறுக்கி மூடிய கையைத் திறந்தால் சாவி. உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன். உங்கள் முதல் நூலகக் கடிதத்தின் அடியில் வந்த அதே வாசனை. ஆனால் நான் நம்பியது அதற்கு முன்னாலேயே. இதை எழுத்தில் சொல்லிவைக்கிறேன், பின்னால் சண்டை வந்தால் உதவும்.

சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது சட்டென்று போகிற சரக்கு இல்லை. புதுத் தொழிற்சாலைக்கு வரவில்லை என்று மட்டும் கம்பெனியில் சொல்லிவிட்டேன். அந்தக் கண்டக்டர் அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் என்னை யார் என்று கேட்காததை மறக்க முடியவில்லை.

சாவியைத் தபாலில் போட மாட்டேன், தொலைந்துவிடும். வாலு அதைத் தன் பல்லோடு சேர்த்துப் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறாள். அப்பா நேரில் வந்து கேட்டால்தான் கொடுப்பாளாம். சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு காலைக் கூட்டத்துக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதனால் விடிகாலை முதல் பஸ்ஸுக்கு நானே எழுப்பிவிடுகிறேன்.

வாசலில் நிறுத்தி ஊதச் சொல்ல மாட்டேன். உள்ளே வந்து உட்காருங்கள். கேட்பேன். பாரில் சொன்ன மாதிரியே பதில் சொல்லுங்கள்.

உங்கள்,
மூக்கம்மா